விலை உயர்ந்த ஹெட்போன் ஏன் மெல்ல ஒலிக்கிறது?

இருநூறு ரூபாய்க்கு வாங்கிய இயர்போனைக் கைப்பேசியில் செருகினால் காது வலிக்கும் அளவுக்கு ஓசை எழுகிறது. அதே கைப்பேசியில், ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் பல ஆயிரம் ரூபாய் ஹெட்போனைச் செருகினால், ஒலியளவை முழுவதும் ஏற்றிய பிறகும் பாட்டு எங்கோ தொலைவில் ஒலிப்பதுபோல் மெலிந்து கேட்கிறது. கைப்பேசியும் மாறவில்லை, பாட்டும் மாறவில்லை. கூடுதல் விலை கொடுத்த பொருள்தான் குறைவாக ஒலிக்கிறது. இதற்குத் தீர்வாக மேசைமேல் வைக்கும் ஒன்றிரண்டு சிறு பெட்டிகளைக் கடைக்காரர் காட்டும்போது இன்னோர் ஐயமும் எழுகிறது: கணினியிலிருந்து ஏற்கெனவே ஒலி வந்துகொண்டுதானே இருக்கிறது, இந்தப் பெட்டிகள் புதிதாக என்ன செய்கின்றன?

பெட்டி ஒன்றாக இருந்தாலும் இரண்டாக இருந்தாலும் அதற்குள் நடப்பவை முற்றிலும் வேறான இரண்டு வேலைகள். எண்களை மின் அலையாக மாற்றுவது ஒன்று. அந்த அலைக்கு ஹெட்போனை அசைக்கும் வலிமையைத் தருவது மற்றொன்று. முதல் வேலையைச் செய்வதை இலக்க-ஒப்புமை மாற்றி எனலாம். பயன்படுத்துவோர் அதை 'டாக்' என்று சுருக்கமாக அழைக்கின்றனர். இரண்டாவதைச் செய்வது பெருக்கி, பேச்சு வழக்கில் 'ஆம்ப்'. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலும் பணம் தேவையற்ற இடத்தில் செலவாகிறது.

எண்ணிலிருந்து அலைக்கு

குறுந்தகட்டின் தரத்தில் பதிவான ஒரு பாட்டு என்பது, இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனியாக, நொடிக்கு 44,100 எண்கள் கொண்ட வரிசையே ஆகும். ஒவ்வோர் எண்ணும் அந்தக் கணத்தில் ஒலியலை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை 65,536 படிநிலைகளுள் ஒன்றாகக் குறிக்கிறது. இவ்வாறு எடுக்கப்படும் ஒவ்வோர் அளவீட்டையும் 'மாதிரி' என்பர். ஹெட்போனின் கம்பிச்சுருளுக்கு எண்கள் புரியாது. அதற்குத் தேவை ஏறி இறங்கும் மின்னழுத்தம். ஆகவே எண்ணுக்கும் செவிக்கும் இடையில் எங்கேனும் ஒரு டாக் இருந்தே தீர வேண்டும். கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் நகத்தளவு சில்லு ஒன்றில் அது ஏற்கெனவே இருக்கிறது.

அப்படியானால் மேசைமேல் வைக்கும் டாக் ஒரு புதிய வேலையைச் செய்வதில்லை. பழைய வேலையை வேறோர் இடத்துக்குக் கொண்டுசெல்கிறது. கணினியின் பெட்டிக்குள் செயலியும் வரைகலை அட்டையும் நொடிக்குப் பல கோடி முறை மின்னோட்டத்தைத் திறந்து மூடுவதால், அவற்றின் அருகிலுள்ள மெல்லிய ஒலி அலையில் சிறு சலசலப்பு கலந்துவிடக்கூடும். சுட்டியை நகர்த்தும்போது ஹெட்போனில் மெல்லிய கீச்சொலி எழுவது இதன் அடையாளம். எண்களாகவே யுஎஸ்பி கம்பி வழியே வெளியே அனுப்பி, அந்தச் சூழலுக்கு அப்பால் அலையாக மாற்றினால் அக்கலப்பு பெருமளவு குறைகிறது.

புள்ளிகளுக்கு இடையே

நொடிக்கு 44,100 புள்ளிகள் என்றதும், அலையின் வழுவழுப்பான வளைவு உடைந்து படிக்கட்டாகிவிடுவதாகவும், உயர்ந்த டாக் அந்தப் படிகளை மழுக்கித் தருவதாகவும் பலர் எண்ணுகின்றனர். விளம்பரப் படங்கள் இந்தத் தவறான எண்ணத்தைப் பல்லாண்டுகளாக வளர்த்துவந்துள்ளன. வாசலில் வைத்த ஒரே புள்ளி வரிசையைக் கொண்டு வெவ்வேறு கைகள் வெவ்வேறு சிக்குக் கோலங்களை இழுத்துவிடலாம். புள்ளிகள் வளைவைத் தீர்மானிப்பதில்லை. ஒலியின் மாதிரிப் புள்ளிகளோ அத்தகையவை அல்ல. பதிவில் உள்ள எந்த அதிர்வும் மாதிரி வேகத்தில் பாதியைத் தாண்டவில்லை என்ற ஒரு நிபந்தனை நிறைவேறினால், அந்தப் புள்ளிகள் அனைத்தின் வழியாகவும் செல்லக்கூடிய வளைவு ஒன்றே ஒன்றுதான். இதை ரஷ்யப் பொறியாளர் கோட்டெல்னிகோவ் 1933இலும், அமெரிக்கரான கிளாட் ஷானன் 1949இலும் நிறுவிக் காட்டினர். மனிதச் செவி எட்டும் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ்; 44,100இல் பாதி 22,050. ஆகவே செவிக்கு எட்டும் எதுவும் புள்ளிகளுக்கு இடையே தொலைந்துபோவதில்லை. அந்த ஒரே வளைவை வரைவதுதான் டாக்கின் கடமை.

படிநிலைகளின் எண்ணிக்கை வேறொன்றைத் தீர்மானிக்கிறது: மிக உரத்த ஒலிக்கும், பதிவின் அடியில் கிடக்கும் இரைச்சலுக்கும் இடையிலான தொலைவு. 65,536 படிகளைத் தரும் 16 பிட் முறையில் அது ஏறத்தாழ 96 டெசிபல். இதை அடைவது தொடக்கத்தில் எளிதாக இருக்கவில்லை. 1982இல் குறுந்தகடு சந்தைக்கு வந்தபோது சோனி நிறுவனம் 16 பிட் மாற்றியைப் பயன்படுத்த, பிலிப்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்ததோ 14 பிட் மாற்றிதான். பிலிப்ஸ் பொறியாளர்கள் மாற்றியை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டி, பிழையால் விளையும் இரைச்சலைச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண்களுக்குத் தள்ளிவிட்டு, 14 பிட் சில்லிலிருந்தே 16 பிட்டுக்கு நிகரான விளைவைப் பெற்றனர். படிகள் குறைந்தால் வேகத்தால் ஈடுசெய்யலாம் என்ற அந்த அழகிய எண்ணமே, 'சிக்மா-டெல்டா' என்ற பெயரில் இன்றைய டாக் சில்லுகளுள் பெரும்பாலானவற்றில் மிக விரிந்த அளவில் வேலை செய்கிறது.

இதன் விளைவாக, சிறப்பாக வடிவமைத்த இன்றைய டாக்குகளின் இரைச்சல், மிக உரத்த ஒலியைவிட 110 முதல் 120 டெசிபல் வரை, சிலவற்றில் அதற்கும் கீழே கிடக்கிறது. வாழும் அறை எதிலும் அதைச் செவி பிரித்தறிய வழியில்லை. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோக்கா நகரில் ஏகேஎம் நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை தீக்கிரையானபோது, அச்சில்லுகளை நம்பியிருந்த ஒலிக்கருவி நிறுவனங்கள் பல வேறு நிறுவனங்களின் சில்லுகளுக்கு மாறித் தம் கருவிகளைத் திருத்தி வடிவமைத்தன. ஒரு சில்லின் இடத்தில் இன்னொன்றை வைத்து நற்கருவியை உருவாக்க முடிந்தது என்பதே, சில்லின் பெயரைப் பார்த்து டாக் வாங்குவது பயனற்றது என்பதற்குப் போதிய சான்று. டாக் என்பது பெருமளவு தீர்ந்துவிட்ட சிக்கல். தீராத சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

கம்பிச்சுருளின் தேவை

ஹெட்போனுக்குள் காந்தப்புலத்தில் தொங்கும் ஒரு கம்பிச்சுருள் உண்டு. அதில் மின்னோட்டம் பாய்ந்தால் அது அசைந்து, தன்னோடு ஒட்டிய மெல்லிய படலத்தையும் அசைக்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டத்துக்கு இச்சுருள் காட்டும் எதிர்ப்பை மின்எதிர்ப்பு என்பர். ஹெட்போன் அட்டையில் 'இம்பீடன்ஸ்' என்ற பெயரில், ஓம் அலகில் அச்சிடப்பட்டிருப்பது இதுவே. மற்றோர் எண் உணர்திறன்: ஒரு மில்லிவாட் மின்திறனைக் கொடுத்தால் எத்தனை டெசிபல் ஒலி எழும் என்பது. இவ்விரண்டு எண்களும் கிடைத்துவிட்டால் தொடக்கத்தில் எழுந்த புதிரைத் தாளில் போட்டே தீர்த்துவிடலாம். மின்திறன் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் உயரும், பத்து மடங்கானால் 10 டெசிபல் உயரும் என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும்.

சென்ஹைசர் நிறுவனத்தின் எச்டி 600 என்ற ஹெட்போனை எடுத்துக்கொள்ளலாம். 1997இல் வெளிவந்து இன்றும் ஒப்பீட்டுக்கு அளவுகோலாக இருந்துவரும் அதன் மின்எதிர்ப்பு 300 ஓம். உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபல். கைப்பேசியின் துளை அதிகபட்சம் அரை வோல்ட் தருவதாகக் கொண்டால், 300 ஓம் சுருளில் அந்த அரை வோல்ட் செலுத்தும் திறன் 0.83 மில்லிவாட் மட்டுமே. ஒலியின் உச்சம் 96 டெசிபலில் நின்றுவிடுகிறது. இப்போது அதே துளையில் 16 ஓம் மின்எதிர்ப்பும் 100 டெசிபல் உணர்திறனும் கொண்ட சாதாரண இயர்போனைச் செருகினால், எதிர்ப்பு குறைவு என்பதால் மின்னோட்டம் மிகுதியாகப் பாய்ந்து, திறன் 15.6 மில்லிவாட்டாகிறது, உச்சம் 112 டெசிபலைத் தொடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி 16 டெசிபல். அதில் 3 டெசிபல்தான் உணர்திறனின் வேறுபாடு; எஞ்சிய 13 டெசிபல் முழுவதும் ஓம் கணக்கால் வந்தது. பெரிய ஹெட்போன் மெல்ல ஒலிப்பது அதன் குறை அன்று. கைப்பேசியின் அரை வோல்ட் அதற்குப் போதவில்லை.

96 டெசிபல் என்பது குறைவா என்று கேட்கலாம். அது உச்சம், பாட்டின் சராசரி அதற்குக் கீழே இருக்கும். உரத்துப் பதிவு செய்யப்படும் இக்காலத் திரைப்பாடல்களில் உச்சத்துக்கும் சராசரிக்கும் பத்து டெசிபல் அளவே இடைவெளி இருக்கலாம் என்பதால், அவற்றுக்கு 96 பெரும்பாலும் போதும். ஆனால் சிம்பொனி இசையிலும், கவனமாகப் பதிவான கச்சேரிகளிலும் இடைவெளி இருபதையும் தாண்டுவதால் சராசரி 76க்கு இறங்கி, தம்பூராவின் மெல்லிய இழை அறையின் மின்விசிறி ஓசையில் அமிழ்ந்துவிடுகிறது. எல்லா வகைப் பதிவுகளுக்கும் இடமளிக்க 110 டெசிபல் உச்சத்தை இலக்காகக் கொள்வது வழக்கம். எச்டி 600க்கு அது 97ஐவிட 13 டெசிபல் அதிகம். அதாவது இருபது மடங்கு திறன், 20 மில்லிவாட். 300 ஓம் சுருளில் 20 மில்லிவாட்டைச் செலுத்த ஏறத்தாழ 2.45 வோல்ட் வேண்டும். மின்னோட்டமோ 8 மில்லிஆம்பியர்தான். மேசைப் பெருக்கியின் முதல் வேலை இங்கே தெளிவாகிறது: அரை வோல்ட்டை இரண்டரை வோல்ட்டாக்குவது.

எல்லா ஹெட்போன்களின் தேவையும் இவ்வாறு வோல்ட்டாக மட்டும் இருப்பதில்லை. ஹைஃபைமேன் நிறுவனத்தின் எச்இ-6, படலம் முழுவதும் மின்பாதைகள் பரவியிருக்கும் 'பிளேனார்' வகையைச் சேர்ந்தது; அதன் எதிர்ப்பு 50 ஓம், உணர்திறன் 83.5 டெசிபல் மட்டுமே. அதில் 110 டெசிபலை எட்ட ஏறத்தாழ 450 மில்லிவாட், அதாவது எச்டி 600க்குத் தேவைப்பட்டதைப் போல் இருபத்திரண்டு மடங்கு வேண்டும், மின்னழுத்தம் 4.7 வோல்ட், மின்னோட்டம் 95 மில்லிஆம்பியர். 300 ஓம் ஹெட்போனைச் சிரமமின்றி இயக்கும் சிறு பெருக்கி, 50 ஓம் ஹெட்போனின் முன் மின்னோட்டம் போதாமல் திணறி, உரத்த இடங்களில் அலையின் முகடுகளை வெட்டிவிடுவது இதனால்தான். ஓம் அதிகமானால் ஓட்டுவது கடினம் என்ற பரவலான சொல் பாதி மட்டுமே உண்மை.

பெருக்கியின் அட்டையைப் படிக்கவும் இதே கணக்கு உதவும். '32 ஓமில் 1 வாட்' என்று போட்டிருந்தால், அக்கருவி 5.66 வோல்ட் வரை தரவல்லது என்று பொருள். அதே 5.66 வோல்ட் 300 ஓம் ஹெட்போனில் தருவது ஒரு வாட் அன்று, 107 மில்லிவாட். பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. எச்டி 600க்குத் தேவை 20 மில்லிவாட்தான் என்பதால் அது ஐந்து மடங்குக்கு மேல்.

பெருக்கியின் சொந்த எதிர்ப்பு

பெருக்கியின் வெளிவாயிலுக்கும் ஒரு மின்எதிர்ப்பு உண்டு. அது ஹெட்போனின் எதிர்ப்போடு மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. ஹெட்போனின் எதிர்ப்பு எல்லா அதிர்வெண்களிலும் ஒன்றாக இருந்தால் இதனால் ஒலி சற்றுக் குறையுமே தவிர வேறு கேடில்லை. ஆனால் சுருள் இயல்பாகவே விரும்பி அசையும் தாழ்ந்த அதிர்வெண்ணில் அதன் எதிர்ப்பு மேடுபோல் உயர்கிறது. 300 ஓம் ஹெட்போன் ஒன்று அங்கே 500 ஓம் காட்டுவதாகவும், பெருக்கியின் சொந்த எதிர்ப்பு 120 ஓம் எனவும் கொண்டால், மற்ற இடங்களில் மின்னழுத்தத்தின் 71 விழுக்காடும் அந்த மேட்டில் 81 விழுக்காடும் ஹெட்போனைச் சேரும். தாழ்ந்த சுரங்கள் ஒரு டெசிபல் தடித்துக் கேட்கும். பத்து ஓமுக்கும் நாற்பது ஓமுக்கும் இடையே எதிர்ப்பு ஊசலாடும் இயர்போன் ஒன்றைப் பத்து ஓம் எதிர்ப்புள்ள துளையில் செருகினாலோ வேறுபாடு நான்கு டெசிபல். பாட்டின் நிறமே மாறிவிடும்.

ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கியின் சொந்த எதிர்ப்பு போகக்கூடாது என்ற நடைமுறை விதி இதிலிருந்து பிறந்தது. 2011இல் தன் பெயரை வெளியிடாத பொறியாளர் ஒருவர், எவரும் பார்த்துக் கட்டிக்கொள்ளும்படி வரைபடத்தோடு வெளியிட்ட 'ஓ2' என்ற பெருக்கியில் இந்த எதிர்ப்பு அரை ஓம் அளவே. எளிய உதிரிப்பாகங்களாலேயே இதைச் சாதிக்கலாம் என்று காட்டிய அக்கருவி, தன் விலைக்கு மீறிய செல்வாக்கைப் பெற்றது நியாயமே.

மேசையில் இணைக்கும் முறை

கணினியிலிருந்து யுஎஸ்பி கம்பி டாக்குக்கும், டாக்கின் பின்புறமுள்ள சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகளிலிருந்து இரட்டைக் கம்பி பெருக்கிக்கும், பெருக்கியிலிருந்து ஹெட்போனுக்கும் செல்வதே வரிசை. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் நடுவிலுள்ள கம்பி தேவைப்படாது. டாக்கை முதலில் இயக்கி, பெருக்கியை அடுத்து இயக்கி, அதன் ஒலியளவுக் குமிழைச் சுழியத்தில் வைத்த பின்பே ஹெட்போனைச் செருகுவது நல்லது. அணைக்கும்போது பெருக்கியை முதலில் அணைக்க வேண்டும். டாக்கை முந்தி அணைத்தால் அதன் வெளிவாயிலில் எழும் 'டப்' என்ற அதிர்ச்சி பெருக்கப்பட்டுச் செவியைத் தாக்கக்கூடும்.

விண்டோஸ் கணினிகள் 2017க்கு முன் உயர்வேக யுஎஸ்பி டாக்குகளுக்குத் தனி இயக்கி மென்பொருளைக் கேட்டன; அவ்வாண்டு வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஒலி அமைப்புகளில் புதிய கருவியைத் தேர்ந்து, 24 பிட், 44,100 அல்லது 48,000 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் போதும். 192,000 என்று ஏற்றிவைப்பதால் பாட்டில் இல்லாத எதுவும் புதிதாக வந்துவிடாது. கணினியின் ஒலியளவை நூறில் நிறுத்திவிட்டுப் பெருக்கியின் குமிழால் கட்டுப்படுத்துவதே முறை. கணினியில் குறைத்துப் பெருக்கியில் ஏற்றினால் பாட்டு தாழ்ந்து, டாக்கின் இரைச்சல் மட்டும் அதே உயரத்தில் நின்று பெருக்கத்துக்கு உள்ளாகிறது.

பெருக்கியின் முகப்பில் 'கெயின்' என்ற சிறு விசை இருக்கும். உள்ளே வரும் அலையை எத்தனை மடங்காக்குவது என்பதை அது தீர்மானிக்கிறது. டாக்கின் ஆர்சிஏ துளை பொதுவாக 2 வோல்ட் தருகிறது. எச்டி 600க்கு வேண்டிய 2.45 வோல்ட்டை எட்ட ஒன்றேகால் மடங்கு போதும் என்பதால், தாழ்ந்த நிலையே பெரும்பாலும் பொருந்தும். விசையை உயர் நிலையில் வைப்பவர் குமிழைத் தொடக்கத்திலேயே நிறுத்த வேண்டிவரும். மலிவான குமிழ்களில் அந்தத் தொடக்கப் பகுதியில்தான் இடமும் வலமும் சமமாக இருப்பதில்லை. ஹெட்போனைக் கழற்றி இயர்போனைச் செருகும் முன் குமிழை முழுவதும் இறக்கியே ஆக வேண்டும். ஒன்றுக்கு மிதமான நிலை மற்றொன்றுக்குக் கேடு விளைவிக்கும் என்பதை மேலே கண்ட 16 டெசிபல் இடைவெளியே சொல்கிறது.

உறுமல் கேட்டால்

இணைத்து முடித்ததும் சிலருக்குப் பாட்டின் அடியில் ஓயாத உறுமல் ஒன்று கேட்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவதால் இதன் சுருதி 50 அல்லது அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸாக இருக்கும். கணினியும் பெருக்கியும் வெவ்வேறு மின்துளைகளில் தத்தம் பூமி இணைப்பைப் பெற்று, ஒலிக்கம்பியின் உறை வழியேயும் ஒன்றோடொன்று இணையும்போது ஒரு மூடிய வளையம் உருவாகிறது. அதில் ஓடும் சிறு மின்னோட்டமே உறுமலாகிறது. மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிப் பார்ப்பது எளிய சோதனை. உறுமல் நின்றுவிட்டால் காரணம் இவ்வளையமே. எல்லாக் கருவிகளையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுவது பல வீடுகளில் தீர்வாகிறது. தீராவிட்டால், தோஷிபா நிறுவனம் 1983இல் அறிமுகம் செய்த 'டாஸ்லிங்க்' ஒளியிழைக் கம்பியைப் பயன்படுத்தலாம். அதில் எண்கள் ஒளியாகச் செல்வதால் மின்னோட்டம் கடக்கப் பாதையே இல்லை. மூன்று முள் செருகியில் பூமி முள்ளை ஒடித்துவிட்டால் உறுமல் நிற்கும் என்று சொல்வோர் உண்டு. நிற்கத்தான் செய்யும், ஆனால் கருவியில் மின்கசிவு நேர்ந்தால் ஹெட்போன் அணிந்தவரின் உடலே பூமிக்கான பாதையாகிவிடும் என்பதால் அதை ஒருபோதும் செய்யலாகாது.

குமிழும் செவியும்

நல்ல பெருக்கியின் ஒலி உரத்தாலும் கரகரப்பதில்லை. கரகரப்பு என்ற எச்சரிக்கை இல்லாததால் அளவு மீறுவது தெரியாமல் போகிறது. மல்டிமீட்டர் ஒன்றிருந்தால் செவியை எட்டும் ஒலியளவை வீட்டிலேயே கணித்துவிடலாம். மலிவான மீட்டர்கள் பலவற்றில் மாறுதிசை மின்னழுத்தத்துக்கு 200 வோல்ட், 750 வோல்ட் வரம்புகள் மட்டுமே இருக்கும். இங்குள்ள சிறு அளவுகளைக் காட்ட இரண்டு வோல்ட் வரம்புள்ள மீட்டர் வேண்டும். வழக்கமாகக் கேட்கும் இடத்தில் குமிழை நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, முழு உயரத்தில் பதிவான 50 ஹெர்ட்ஸ் சீர்அலை ஒன்றைக் கணினியில் ஓடவிட்டு, பெருக்கியின் துளையில் செருகிய ஒரு வெற்றுச் செருகியின் நுனிக்கும் அடிக்கும் இடையே அளக்க வேண்டும். தாழ்ந்த அதிர்வெண்ணைத் தேர்வதற்குக் காரணம், எளிய மீட்டர்கள் அங்கேதான் சரியாகக் காட்டும் என்பதே.

அளவு அரை வோல்ட் எனில், எச்டி 600 அணிந்தவரின் காதில் பாட்டின் உச்சம் 96 டெசிபல். உச்சத்துக்குச் சராசரி 15 டெசிபல் கீழே எனக் கொண்டால் 81. இது தோராயமே, ஆனால் முடிவெடுக்கப் போதுமானது. உலக சுகாதார நிறுவனம் தனிநபர் ஒலிக்கருவிகளுக்கு வகுத்த பாதுகாப்பு நெறி, வயது வந்தோருக்கு வாரத்துக்கு 40 மணிநேரம் 80 டெசிபல் என்பதை எல்லையாக வைக்கிறது, குழந்தைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும் என்பதால், குமிழ் சற்றே ஏறிச் சராசரி 83 ஆனால் வாரத்துக்கு 20 மணிநேரம்; 86 ஆனால் 10; 89 ஆனால் 5 மணிநேரம் மட்டுமே.